ஸ்டியரிங் இடைத்தண்டை மாற்றும் முறை

மின்கம்பி வழியாக மட்டுமே இயங்கும் மிகச் சில புதிய வண்டிகளைத் தவிர்த்துவிட்டால், எல்லாக் கார்களிலும் ஓட்டுநரின் கைக்கும் முன்சக்கரங்களுக்கும் இடையே ஒரே ஒரு இயந்திர இணைப்புதான் இருக்கிறது. பிரேக்கில் ஒரு எண்ணெய்ச் சுற்று பழுதானால் மறுசுற்று ஓரளவேனும் வண்டியை நிறுத்தும். அதுவும் போனால் கைப்பிரேக் உண்டு. ஸ்டியரிங்கில் அப்படியொரு மாற்று ஏற்பாடு கிடையாது. டேஷ்போர்டுக்கு அடியில், பெடல்களுக்கு மேலே, பெரும்பாலும் ஒரு முழத்துக்கும் குறைவான நீளத்தில் அமைந்திருக்கும் இடைத்தண்டும், கோணத்தில் சாய்ந்தபடியே சுழற்சியைக் கடத்தும்படி அதன் இரு முனைகளிலுள்ள யுனிவர்சல் ஜாயிண்டுகளும்தான் அந்த இணைப்பின் நடுப்பகுதி. உதிரிபாகக் கடைகளில் இதை இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்று கேட்டு வாங்கலாம்.

இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, பழைய தண்டை எடுத்து, புதியதை வைத்து, அதே இரண்டு போல்ட்டுகளின் இடத்தில் புதியவற்றை முறுக்குவது என்ற அளவில் பார்த்தால் இது எளிய வேலையே. ஆனால் தண்டு எந்த நிலையில் கழற்றப்பட்டது, எந்த நிலையில் திரும்பப் பொருத்தப்பட்டது, போல்ட் உண்மையிலேயே அதற்குரிய பள்ளத்தில் இறங்கியதா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஐயமற்ற விடை தெரியாமல் வண்டியை நகர்த்தவே கூடாது. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த மூன்றைப் பற்றியதுதான்.

பழுது இதில்தானா?

தேய்ந்த யுனிவர்சல் ஜாயிண்ட் இரண்டு வகையாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். முதல் வகையில் ஜாயிண்டின் நடுவிலுள்ள சிலுவைத் துண்டின் ஊசி பேரிங்குகள் தேய்ந்து ஆட்டம் கொடுக்கின்றன. மெதுவாக ஓட்டும்போதோ நின்ற நிலையிலோ ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது அசைத்தால் 'டக், டக்' என்ற ஒலி எழும், அது காதில் கேட்பதோடு சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையிலும் பாதத்துக்கு அடியிலும் உணரப்படும். இரண்டாம் வகையில் பேரிங்குகளுக்குள் நீர் புகுந்து துருப்பிடித்து ஜாயிண்ட் இறுகிப்போகிறது. அப்போது ஸ்டியரிங் ஒரு முழுச் சுற்றுக்குள் இரண்டு இடங்களில் கடினமாகவும் இரண்டு இடங்களில் இலகுவாகவும் இருக்கும். வளைவு முடிந்தபின் சக்கரம் தானாக நேர்நிலைக்குத் திரும்பத் தயங்கும். இறுகிய ஜாயிண்டை நான் ஆட்டம் கொடுக்கும் ஜாயிண்டை விட ஆபத்தானதாகக் கருதுகிறேன், ஏனெனில் அது ஒலி எழுப்புவதில்லை, ஓட்டுநரும் சில வாரங்களில் அந்தக் கடினத்துக்குப் பழகிவிடுகிறார்.

இதே போன்ற ஒலியை டை ராட் எண்ட், ஷாக் அப்சார்பரின் மேல் பேரிங், முன்சக்கரங்களை இடவலமாகத் திருப்பும் பற்கோலான ராக்கின் உட்புறப் புஷ் ஆகியவையும் எழுப்பக்கூடும் என்பதால், உதிரிபாகம் வாங்குவதற்கு முன் உறுதி செய்துகொள்ள வேண்டும். உதவிக்கு ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, எஞ்சினை அணைத்து, ஸ்டியரிங் லாக் விடுபட்ட நிலையில், சக்கரத்தை ஓரிரு விரற்கடை அளவு மட்டும் இடமும் வலமுமாக அசைக்கச் சொல்ல வேண்டும். நீங்கள் டார்ச்சுடன் காலடிப் பகுதியில் குனிந்து, ஜாயிண்டின் கவட்டை வடிவப் பிடிகளான மேல் கவையையும் கீழ்க் கவையையும் ஒரே கையால் சேர்த்துத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் அசைந்தால் அந்த ஜாயிண்ட் நல்ல நிலையில் இருக்கிறது. மேல் கவை முதலில் அசைந்து, கீழ்க் கவை ஒரு கணம் பிந்தி அசைந்தால் பழுது அங்கேதான். கீழ் ஜாயிண்ட் சில வண்டிகளில் தடுப்புச் சுவருக்கு வெளியே, எஞ்சின் பகுதியில் இருக்கும். மழைநீரும் வெப்பமும் நேரடியாகப் படுவதால் முதலில் கெடுவது பெரும்பாலும் அதுவே, ஆகையால் அதைப் பார்க்காமல் சோதனையை முடிக்கக் கூடாது.

ஒலி காலடியிலிருந்து வராமல் ஸ்டியரிங் சக்கரத்துக்கு நேர் கீழே, காலம் என்னும் உறைக்குழாயின் பக்கமிருந்து வந்தால் கதை வேறு. மின்மோட்டார் காலத்திலேயே பொருத்தப்பட்ட வண்டிகளில், மோட்டாரையும் அதன் புழுப்பற்சக்கரத்தையும் இணைக்கும் சிறிய ரப்பர் இணைப்பி தேய்ந்து இதே போன்ற ஒலியைத் தரும். அதை மாற்றக் காலத்தையே கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் அது இந்தக் கட்டுரைக்குள் அடங்காது. அவ்வகை வண்டிகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மோட்டார் மேலே இருப்பதால் அதன் உதவி விசை முழுவதும் இடைத்தண்டின் வழியாகவே கீழே செல்கிறது. உதவி விசை ராக்கிலேயே கிடைக்கும் ஹைட்ராலிக் அமைப்பில் இந்தத் தண்டு கைவிசையை மட்டுமே சுமக்கிறது. ஆகவே காலத்தில் மோட்டார் உள்ள வண்டிகளில் ஜாயிண்டில் ஆட்டம் தெரிந்தபின் மாற்றுவதைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல.

விபத்துக்குள்ளான வண்டியில் காலமே வளைந்திருந்தாலோ, ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலோ, இந்த வேலையை வீட்டில் தொடங்க வேண்டாம்.

உதிரிபாகத்தை ஒப்பிடுதல்

பெரும்பாலான வண்டிகளில் யுனிவர்சல் ஜாயிண்டின் சிலுவைத் துண்டு தனியாகக் கழற்ற முடியாதபடி அடித்து இறுக்கப்பட்டிருப்பதால், ஜாயிண்டை மட்டும் மாற்றாமல் தண்டை முழுமையாக மாற்றுவதே முறை. வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பாகத்தின் எண்ணைப் பெற்று வாங்குங்கள். ஒரே மாடலிலேயே ஹைட்ராலிக் ஸ்டியரிங் வகைக்கும் மின் ஸ்டியரிங் வகைக்கும் தண்டு வேறுபடுவதுண்டு. பழைய வண்டியிலிருந்து கழற்றிய தண்டை வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. அது எத்தகைய மோதலில் என்ன விசையைத் தாங்கியது என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது. தேய்ந்த ஜாயிண்டை வெல்டிங் செய்து சரிக்கட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கக் கூடாது. கிரீஸ் அடித்துச் சில நாட்கள் ஒலியை அடக்கலாம். தேய்ந்த உலோகத்தை அது திரும்பக் கொண்டுவராது.

தண்டோடு இரண்டு புதிய இறுக்குப் போல்ட்டுகளையும் சேர்த்து வாங்க வேண்டும். மரையில் பசை பூசப்பட்டு வரும் போல்ட்டுகளும், ஒருமுறை முறுக்கியதும் சற்றே நீண்டுவிடும் வகைப் போல்ட்டுகளும் மறுபயன்பாட்டுக்கு உரியவை அல்ல. தண்டின் மொத்த விலையோடு ஒப்பிட்டால் போல்ட்டின் விலை பொருட்டே அல்ல.

தொடங்குமுன்

சமதளத்தில், முன்சக்கரங்கள் துல்லியமாக நேராக இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன் சில மீட்டர் நேராக ஓட்டி வந்து நிறுத்தினால் இந்த நேர்நிலை இயல்பாகவே கிடைக்கும். கைப்பிரேக் இட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். 10, 12, 13 மி.மீ. சாக்கெட்டுகள், நீண்ட நீட்டிப்புக் கம்பி, ராட்செட், டார்க் ரென்ச், வெள்ளை பெயிண்ட் பேனா, கம்பி பிரஷ், துரு இளக்கும் எண்ணெய், நல்ல டார்ச் ஆகியவை போதும். இவற்றுள் டார்க் ரென்ச்சுக்கு மாற்று கிடையாது. உங்கள் வண்டியின் பழுதுநீக்கக் கையேட்டில் இந்தப் போல்ட்டுகளுக்குரிய முறுக்கு அளவை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பல பயணிகள் கார்களில் அது 20 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் அமைகிறது. எனினும் ஊகத்தில் முறுக்காமல், உங்கள் மாடலுக்கான எண்ணையே பின்பற்ற வேண்டும்.

இப்போது ஸ்டியரிங் சக்கரத்தைப் பூட்ட வேண்டும். இந்த வேலையில் அதிகம் புறக்கணிக்கப்படுவதும், புறக்கணித்தால் அதிகச் செலவு வைப்பதும் இந்தப் படிதான். சக்கரத்துக்குப் பின்னால், ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் தட்டையான நாடாக் கம்பி சுருளாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. இதையே கிளாக் ஸ்பிரிங் என்கிறோம். நடுநிலையிலிருந்து ஒவ்வொரு பக்கமும் குறிப்பிட்ட சில சுற்றுகள் மட்டுமே திரும்பும்படி அதன் நீளம் அளவிடப்பட்டுள்ளது. தண்டு இணைந்திருக்கும்வரை ராக்கின் எல்லையே அந்தச் சுருளுக்கும் பாதுகாப்பு. தண்டைக் கழற்றியவுடன் சக்கரம் எத்தனை சுற்று வேண்டுமானாலும் திரும்பக்கூடியதாகிவிடுகிறது. யாரேனும் தெரியாமல் அதைச் சுழற்றினால் நாடா அப்போதே அறுந்துபோகலாம். அதைவிடத் தொல்லை தருவது, ஒரு முழுச் சுற்றுத் தவறிய நிலையில் தண்டு பொருத்தப்பட்டு, நாட்கள் சென்றபின் ஒரு கூர்வளைவில் நாடா அறுவது. ஆகையால் சாவியை எடுத்து ஸ்டியரிங் லாக் விழும்படி செய்யுங்கள். லாக் விழும்போது சக்கரம் சற்றே திரும்பிவிட்டால், முன்சக்கரங்களின் நேர்நிலையை விட, கழற்றுமுன் வரையப்போகும் அடையாளக் கோடுகளையே நம்ப வேண்டியிருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். லாக் இல்லாத வண்டியிலும், லாக்கை நம்ப மனமில்லாத இடத்திலும், சீட் பெல்ட்டைச் சக்கரத்தின் உள்ளே நுழைத்துக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டி இறுக்கிவிட்டால் சக்கரம் அசையாது. நான் இரண்டையும் செய்யவே சொல்வேன்.

அடுத்து பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றித் தொடாதபடி ஒதுக்கிவையுங்கள். ஏர்பேக் அமைப்பின் மின்தேக்கிகளில் எஞ்சியிருக்கும் மின்னூட்டம் வடியும் வரை காத்திருக்க வேண்டும். கையேடுகள் 90 விநாடி முதல் சில நிமிடங்கள் வரை கூறுகின்றன. ஏர்பேக்கைக் கழற்றும் தேவை இந்த வேலையில் இல்லை. மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகளைத் தொடவோ, மல்டிமீட்டரால் அளக்கவோ வேண்டாம்.

கழற்றுதல்

காலடிப் பகுதியில் டேஷ்போர்டின் கீழ் உறை தடையாக இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இடைத்தண்டின் கீழ்ப்பகுதியை மூடியிருக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உறையின் கிளிப்புகளை விடுவித்து மேலே தள்ளினால் ஜாயிண்ட் தெரியும்.

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் பெயிண்ட் பேனாவை எடுங்கள். மேல் ஜாயிண்டின் கவையிலிருந்து அதற்குள் நுழையும் காலத் தண்டின் மீது தொடரும்படி ஒரு நேர்க்கோடு. கீழ் ஜாயிண்டின் கவையிலிருந்து, ராக்கை நகர்த்தும் சிறு பற்சக்கரமான பினியனின் தண்டின் மீது தொடரும்படி இன்னொரு கோடு. எண்ணெய் பிசுக்கைத் துடைத்தபின் வரைந்தால்தான் கோடு நிலைக்கும். கைப்பேசியில் இரண்டையும் படம் எடுத்துவையுங்கள். தண்டின் பற்கள் 36 என்று கொண்டால், ஒரு பல் தவறினால் ஸ்டியரிங் சக்கரம் 10 டிகிரி சாய்ந்து நிற்கும். கோடு இருந்தால் அந்தத் தவறுக்கு இடமில்லை. சில வண்டிகளில் தவறாகப் பொருத்தவே முடியாதபடி ஒரு பல் அகலமாகவோ, தண்டு ஒரு பக்கம் தட்டையாகவோ அமைக்கப்பட்டிருக்கும். அங்கேயும் கோடு வரைவதில் இழப்பு ஒன்றுமில்லை.

இறுக்குப் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதுமாக வெளியே எடுக்க வேண்டும். போல்ட்டின் தண்டுப்பகுதி, பல்வரித் தண்டில் குறுக்காக வெட்டப்பட்ட ஒரு பள்ளத்தின் வழியாகச் செல்கிறது. எனவே போல்ட் உள்ளே இருக்கும்வரை ஜாயிண்ட் வெளிவராது. இதை அறியாமல் சுத்தியலால் தட்டத் தொடங்குவது இந்த வேலையில் அடிக்கடி நிகழ்வது. தண்டின் அச்சுத் திசையில் சுத்தியலால் அடிப்பதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். கீழ்நோக்கி அடித்தால் ராக்கின் பினியன் பேரிங் அடிபடும். மேல்நோக்கி அடித்தால், மோதலின்போது உள்ளொடுங்கி ஓட்டுநரின் மார்பைக் காக்கும்படி காலத்துக்குள் வைக்கப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் ஆணிகள் உடையக்கூடும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1967 ஆம் மாடல் ஆண்டில் தன் கார்களில் பரவலாக அறிமுகப்படுத்தியபின் உலகெங்கும் வழக்கமாகிவிட்ட இந்த உள்ளொடுங்கும் அமைப்பு, ஓர் அடியால் சேதமடைந்தால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

ஜாயிண்ட் துருவால் ஒட்டிக்கொண்டிருந்தால் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துப் பொறுத்திருங்கள். கவையின் பிளவில் தட்டையான திருப்புளியை நுழைத்து மெல்லத் திருப்பினால் பிடி சற்று விரியும். பிறகு கையால் முன்னும் பின்னும் அசைத்தபடி இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். முதலில் மேல்முனையையோ கீழ்முனையையோ விடுவித்து, தண்டின் நடுவிலுள்ள சறுக்குப் பகுதியை உள்ளே தள்ளிக் குறுக்கினால் மறுமுனைக்கு இடம் கிடைக்கும். இடமே கிடைக்காத சில மாடல்களில், காலத்தை டேஷ்போர்டின் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்திக் காலத்தைச் சிறிது தாழ்த்த வேண்டியிருக்கும். அப்போது அது மின்கம்பிகளில் தொங்காதபடி தாங்கிப் பிடிக்க ஒருவர் தேவை.

பொருத்துதல்

பழைய தண்டையும் புதியதையும் அருகருகே வைத்து நீளம், பற்களின் எண்ணிக்கை, துளையின் விட்டம், போல்ட் நுழையும் திசை ஆகியவற்றை ஒப்பிடுங்கள். இவற்றோடு பார்க்க வேண்டிய முக்கியமான ஒன்று, இரு முனைக் கவைகளும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பது.

அதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்வது தகும். கோணத்தில் சாய்ந்து இயங்கும் ஒற்றை யுனிவர்சல் ஜாயிண்ட், சீராகத் திருப்பப்பட்டாலும் மறுபுறத்தைச் சீராகத் திருப்புவதில்லை. சாய்வு 30 டிகிரி என்றால், மறுமுனையின் வேகம் ஒரு சுற்றுக்குள் இருமுறை 0.87 மடங்குக்கு இறங்கி, இருமுறை 1.15 மடங்குக்கு ஏறும். இரண்டாவது ஜாயிண்ட் இந்த ஏற்ற இறக்கத்தை எதிர்த்திசையில் ஈடுசெய்வதால்தான் ஓட்டுநருக்குச் சீரான உணர்வு கிடைக்கிறது. அந்த ஈடு, இரண்டு கவைகளும் வடிவமைப்பாளர் வகுத்த கோணத்தில் இருந்தால் மட்டுமே நிகழும். சறுக்குப் பகுதி தனியே கழன்றுவரும் வகைத் தண்டில், அதைப் பிரித்து ஒன்றிரண்டு பற்கள் தள்ளிச் செருகிவிட்டால், ஜாயிண்டுகள் புதியவையாக இருந்தும் ஸ்டியரிங் ஒரு சுற்றில் இரண்டு இடங்களில் கனத்துத் தோன்றும். ஆகவே சறுக்குப் பகுதியைப் பிரிக்காதீர்கள். பிரிந்துவிட்டால் பழைய தண்டைப் பார்த்து அதே கோணத்தில் செருகுங்கள்.

காலத் தண்டிலும் பினியன் தண்டிலும் உள்ள பற்களைக் கம்பி பிரஷ்ஷால் துடைத்துத் துருவையும் பழைய பசையையும் நீக்குங்கள். பழைய தண்டில் நீங்கள் வரைந்த கோட்டின் இடத்தைப் புதிய தண்டுக்கு மாற்றி வரைந்தபின், தண்டைக் குறுக்கிப் பிடித்துக் கீழ் ஜாயிண்டைப் பினியனில் கோடு சேரும்படி நுழையுங்கள்; பிறகு நீட்டி மேல் ஜாயிண்டைக் காலத் தண்டில் நுழையுங்கள். பற்கள் கைவிசையிலேயே வழுக்கி உட்கார வேண்டும்.

அடுத்து போல்ட். துளையின் வழியே பார்த்தால் பல்வரித் தண்டின் பள்ளம் துளைக்கு நேராக வந்திருப்பது தெரிய வேண்டும். பள்ளம் நேராக இருந்தால் போல்ட் விரல்களாலேயே பல மரைகள் உள்ளே செல்லும். செல்லவில்லை என்றால் ஜாயிண்ட் முழுவதும் இறங்கவில்லை என்று பொருள். ஸ்பேனரால் கட்டாயப்படுத்தாமல் ஜாயிண்டின் நிலையைத் திருத்துங்கள். ஜாயிண்ட் போதிய அளவு இறங்காமல், போல்ட் பள்ளத்தைத் தவிர்த்துத் தண்டின் நுனிக்கு அப்பால் சென்றுவிடுவதும் சாத்தியமே. அப்போது போல்ட் நன்றாக இறுகும், முறுக்கு அளவும் சரியாகக் காட்டும், ஆனால் தண்டைப் பிடித்திருப்பது பற்களின் உராய்வு மட்டுமே. ஆகவே போல்ட்டைக் கையால் முழுவதும் செலுத்தியபின், ஜாயிண்டை அச்சுத் திசையில் பலமாக இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் போல்ட் இருந்தால் அது வெளிவராது. இந்த இழுப்புச் சோதனையை இரண்டு முனைகளிலும், டார்க் ரென்ச்சை எடுப்பதற்கு முன்பே செய்யுங்கள்.

இரண்டு போல்ட்டுகளும் கையால் உட்கார்ந்த பிறகே, கையேட்டின் அளவுக்கு ஒவ்வொன்றாக முறுக்க வேண்டும். மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது, உராய்வு குறைவதால் அதே அளவு முறுக்கில் போல்ட் மிகையாக இழுபடும். முறுக்கி முடித்தபின் போல்ட்டின் தலையிலிருந்து கவையின் மீது தொடரும்படி ஒரு சிறு பெயிண்ட் கோடு இடுங்கள். கீழ் உறையை அதன் பள்ளத்தில் சரியாக அமர்த்துங்கள். அது சரியாக அமராவிட்டால் நீரும் எஞ்சின் ஒலியும் உள்ளே வரும், புதிய ஜாயிண்டும் பழையதன் வழியிலேயே துருப்பிடிக்கும்.

சோதனை

சீட் பெல்ட்டை எடுத்து, பேட்டரியை இணையுங்கள். வண்டியின் முன்பகுதியை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டுகளின் மீது இறக்கியபின், எஞ்சினை இயக்காமல் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். எந்த இடத்திலும் கடினம், உரசல், கம்பி சிக்கும் ஒலி இருக்கக் கூடாது. நேர்நிலையிலிருந்து இருபுறமும் சுற்றுகளை எண்ணுங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஒருபுறம் கூடுதலாகவும் மறுபுறம் குறைவாகவும் இருந்தால் எங்கோ பல் தவறியிருக்கிறது. அதைத் திருத்த ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றி நேராக்கிவிடலாம் என்ற எண்ணம் தவறு. சக்கரம் நேராகத் தோன்றும், ஆனால் கிளாக் ஸ்பிரிங்கும், ஸ்டியரிங் திரும்பிய கோணத்தை அளக்கும் திசைக்கோண சென்சாரும் நடுநிலை தவறியே இருக்கும். ஜாயிண்டைத்தான் மீண்டும் கழற்றிச் சரியான பல்லில் பொருத்த வேண்டும்.

பிறகு எஞ்சினை இயக்குங்கள். ஏர்பேக் விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். ஸ்டியரிங் அல்லது வழுக்கல் கட்டுப்பாட்டு விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், பேட்டரி துண்டிக்கப்பட்டதால் திசைக்கோண சென்சார் தன் நடுநிலையை மறந்திருக்கலாம். சில வண்டிகளில் ஸ்டியரிங்கை இரு கோடிவரை திருப்பிச் சற்று நேராக ஓட்டினால் அது தானாகக் கற்றுக்கொள்ளும். மற்றவற்றில் ஸ்கேனர் கொண்டு அமைக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தை ஆளரவமற்ற இடத்தில், நடைவேகத்தில் தொடங்குங்கள். இடமும் வலமும் முழு வளைவுகள் எடுத்து, வளைவிலிருந்து கையைத் தளர்த்தும்போது சக்கரம் தானாக நேராகிறதா என்று கவனியுங்கள். அதன்பின்தான் சாலைக்குச் செல்ல வேண்டும். மறுநாளும், அதன்பின் ஓரிரு வாரங்கள் கழித்தும், காலடியில் டார்ச்சுடன் குனிந்து போல்ட்டின் தலையில் இட்ட பெயிண்ட் கோட்டைப் பாருங்கள். கோடு ஒரே நேராக இருந்தால் போல்ட்டைத் தொட வேண்டாம், மறுபடி முறுக்கவும் வேண்டாம். கோடு மயிரிழை அளவு விலகியிருந்தாலும் வண்டியை அங்கேயே நிறுத்தி, புதிய போல்ட்டை வரவழைத்து மாற்றிய பிறகே எடுக்க வேண்டும்.